எட்டாம் நாள் கரடி பேசும் என்று சொன்னவருக்கு

அந்தப் பட்டியலைப் போட்ட நீங்கள் கரடியைப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் அந்தக் கரடிப் புத்தகத்தை அதில் முதலாவதாகப் போட்டிருக்க மாட்டீர்கள். 'குழந்தைகள் அவசியம் படிக்க வேண்டிய மாயக்கதைகள்' என்று வண்ணத் தாளில் அச்சடித்து, கீழ் கோத்தகிரியில் எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனீர்கள். அந்தத் தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே உள்ள சமையல்கட்டில் நான் சத்துணவு ஆக்குகிறேன். அரிசி வேகும் நேரமெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதை வாசிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். எங்கள் லயத்து மாரியம்மன் கோயிலில் விளக்கு அரை மணி நேரம்தான் எரியும். பொழுது சாயும்போது ஏற்றி, கும்பிட்டு, அணைத்து, மிச்ச எண்ணெயைத் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். விட்டு வந்தால் கரடி வந்து குடிக்கும். குடித்துவிட்டுக் கதவையும் பெயர்க்கும். ரேஷன் பாமாயிலை யாரும் வாசலில் வைப்பதில்லை. பள்ளிக்கூடத்து எண்ணெயை இரும்பு அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் நான் வீட்டுக்குக் கிளம்புவேன். நான் பிறந்த ஊரில் இப்படி இல்லை. இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அங்கேயும் தேயிலை, அங்கேயும் பனிமூட்டம், அங்கேயும் லயம். ஆனால் கோயில் விளக்கு விடிய விடிய எரியும். சிறுத்தை உண்டு, அட்டை உண்டு, கரடி கிடையாது. "எங்க ஊர்ல கரடி இல்ல" என்று இங்கே வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். கரண்ட் போனால் சொல்வேன், தண்ணீர் வராவிட்டால் சொல்வேன். கரடிக்குச் சம்பந்தமே இல்லாத கோபத்திலும் சொல்வேன்.

எனக்குச் சிபாரிசு செய்யப்பட்ட முதல் மாயக்கதை இந்தியா. எனக்கு எட்டு வயது. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் மேசை போட்டு உட்கார்ந்த ஓர் ஆள் அச்சடித்த தாளைப் பார்த்து வாசித்தார். வீடு தருவார்கள், வேலை தருவார்கள், பிள்ளைகள் படிக்கலாம், சொந்த மண். அப்பா அதை மனப்பாடம் செய்துகொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறும்வரை தினமும் எங்களுக்குச் சொன்னார். ராமேஸ்வரத்தில் இறங்கி வரிசையில் நின்றபோதும், முகாமில் பாய் விரித்துப் படுத்தபோதும், கதையின் நல்ல பக்கம் இனிமேல் வரும் என்று காத்திருந்தேன். கடைசியில் இந்த மலையில் கொடுத்தது அதே மாதிரி ஓர் ஒற்றை அறை, ஒரு காம்பரா. அதே தகரக் கூரை. கோத்தகிரிக் கடையில் இன்றைக்கும் "சிலோன் அக்காவுக்கு என்ன வேணுமுங்க?" என்றுதான் கேட்கிறார்கள். மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் பக்கத்தில் நிற்கும் என் கடைசிப் பெண் நிவேதாவையும் சேர்த்து 'சிலோன் பாப்பா' என்கிறார்கள். அவள் பிறந்தது அந்தக் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில்.

நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்த அன்றைக்கு நானும் வகுப்பறை வாசலில் நின்று கேட்டேன். பட்டியலையும் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களையும் கொண்டுவந்தீர்கள். உங்கள் காட்டில் என்னென்ன மிருகம் இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டீர்கள். கரடி என்று எல்லோரும் கத்தினார்கள். நீங்கள் கை தட்டினீர்கள். "ஐயோ, எத்தன கொடுத்து வெச்சவங்க நீங்கெல்லாம்" என்றீர்கள். எனக்குப் பின்னால் நின்ற ராஜேஸ்வரி அக்கா, "அப்ப ஒண்ண கார்ல ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லு" என்றாள். ராஜேஸ்வரி அக்கா எங்களோடு ஒரே கப்பலில் வந்தவள். பக்கத்துக் காம்பரா. கொழுந்து பறிப்பவள். வாய்தான் அவளுக்குச் சொத்து. அவள் சொன்னது உங்கள் காதில் விழுந்து நீங்களும் சிரித்தீர்கள். கேலி என்று நினைத்துவிட்டீர்கள். அவள் கேலி செய்யவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் அவள் கரடியைக் கண்டு கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

நிவேதாவுக்குப் பட்டியலின் முதல் புத்தகம் கிடைத்தது. பனி பெய்யும் தேசத்தில் ஒரு சிறுமி. அவளுடைய அம்மா ஊரை விட்டு வந்த ஏக்கத்தில் நோயாகிவிட்டாள். சிறுமி காட்டோரத்தில் ஒரு கல்லின்மேல் ஏழு நாள் தேன் வைக்கிறாள். எட்டாம் நாள் கரடி பேசுகிறது. இரண்டு பேரையும் முதுகில் ஏற்றிக்கொண்டு அம்மாவின் ஊருக்குப் போகிறது. நானும் அதைப் படித்தேன். பாத்திரம் கழுவிவிட்டு அடுப்பு மேடையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். எனக்கும் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த அம்மா பழைய வீட்டுக் கதவைத் திறக்கும் இடத்தில் அழுதேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பயிற்சித் தாள் இருந்தது. 'கதாநாயகி செய்தது போல் நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். கரடியிடம் என்ன கேட்பீர்கள்?' கீழே பெற்றோர் கையொப்பம். நிவேதா மடித்துக்கொண்டு வந்து நீட்டினாள். சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு கரடி நேரத்தோடு வர ஆரம்பித்தது. முன்பெல்லாம் எல்லோரும் படுத்த பிறகு வரும், போகும். இப்போது வெளிச்சம் இருக்கும்போதே லயத்துக்குப் பின்னால் சோலைக்காட்டின் ஓரத்தில் கறுப்பாக நின்றது. ஒருநாள் தேயிலைச் செடிக்கு அந்தப்பக்கம். மறுநாள் செடிக்கு இந்தப்பக்கம். நாய்கள் குரைப்பதை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. வனத்துறை வாட்சர் வந்து கால்தடத்தைப் பார்த்தார். "யாரோ திங்கறதுக்கு வெக்கறாங்கக்கா. இல்லாட்டி இந்நேரத்துக்கு வராதுங்க" என்றார்.

யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நினைத்தேன். கீழ் லயத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. மிச்சச் சோற்றைக் கொட்டுவது அவர்கள்தான் என்று போய்க் கத்தினேன். நேற்று வந்தவர்களுக்கு மலை தெரியுமா என்று கேட்டேன். அந்த வார்த்தையை என் அப்பாவைப் பார்த்துச் சொன்னவர்களின் முகம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனாலும் சொன்னேன். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்குத் தமிழ் ஒரு வார்த்தை புரியவில்லை. நான் பசியில் கத்துகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு வந்தேன்.

எட்டாம் நாள் ஒரு வியாழக்கிழமை. நான் கோயிலில் விளக்கை அணைத்து எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ராஜேஸ்வரி அக்கா லயத்துக்குப் பின்னால் காய வைத்த விறகை எடுக்கப் போயிருக்கிறாள். அங்கே ஒரு தட்டைக்கல் கிடக்கும். முன்பு துணி துவைத்த கல். அதன்மேல்தான் கரடி இருந்தது. அவள் போட்ட சத்தம் கோயில்வரை கேட்டது. ஒரே ஒரு சத்தம். ஆண்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். கோத்தகிரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்துவிட்டாள். வலது கண் இல்லை. அந்தப் பக்கத்து முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருக்கிறாள். முன்போலப் பேசுவதில்லை.

அன்றைக்கு நான் வீட்டுக்குள் வந்தபோது நிவேதா ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டியிருந்தாள். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"அது பேசவே இல்லம்மா."

கல்லைப் போய்ப் பார்த்தேன். பாமாயில் வழவழப்பு. ஏழு நாளும், நான் கோயிலில் எண்ணெயைத் துடைத்த அந்த அரை மணி நேரத்தில், அவள் வீட்டுப் போத்தலிலிருந்து ஊற்றியிருக்கிறாள். தேன் இல்லாததால் கொஞ்சம் வெல்லமும் வைத்திருக்கிறாள். பையைத் திறந்தேன். எனக்கு ஒரு சேலை, அவளுக்கு ஒரு கவுன், ரொட்டி, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த, கப்பல் ஏறும்போது கொடுத்த பழைய குடும்ப அட்டை. ஊருக்குத் திரும்பிப் போனால் கேட்பார்கள் என்று எடுத்து வைத்தாளாம். நான் கையெழுத்துப் போட்ட தாளும் இருந்தது. கரடியிடம் என்ன கேட்பீர்கள் என்பதற்குக் கீழே எழுதியிருந்தாள்: 'எங்க அம்மாவை அவங்க ஊருக்குக் கொண்டுபோய் விடணும். அங்கே கரடி இல்லை. அதனால் நீ உடனே திரும்பி வந்துவிடு.'

அடுத்த மாதம் பயிற்சித் தாள்களை வாங்கிக்கொள்ள வந்தீர்கள். நடந்ததைச் சொல்ல வந்தேன். புத்தகம், கல், எண்ணெய் என்று தொடங்கியதுமே நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, படிக்காதவளுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள்: "ஏனுங்க அக்கா, அது நெசமில்லீங்க. ஃபேன்டஸிங்க. கற்பனை."

"அது எனக்குத் தெரியும். கரடிக்கு யாரு சொல்றது?" என்றேன்.

நீங்கள் புரிந்துகொண்டது வேறு. மாயக்கதையே வேண்டாம் என்கிறேன், பிள்ளைகளைக் கெடுக்கிறது என்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். யார் கேட்டார்கள் அதை? கடல் பாதாளம், பறக்கும் வண்டி, காணாமல் போகும் வீடு என்று பாதியில் விட்ட பிள்ளைகள் தினமும் என்னிடம் வந்து பெட்டி எங்கே என்கிறார்கள். நீங்கள் ஒட்டிய பட்டியல் சுவரில் இருக்கிறது. அதில் உள்ள ஒரு புத்தகம்கூட இங்கே இல்லை.

வனத்துறை கூண்டு வைத்திருக்கிறது. உள்ளே பலாப்பழமும் வெல்லமும். கரடி அதைத் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கல் புரண்டு கிடக்கிறது. நாங்கள் நிமிர்த்தி வைப்பதை விட்டுவிட்டோம். நேற்று அந்தக் கல் எங்கள் கதவிலிருந்து பத்தடியில் கிடந்தது.

கல்லில் எண்ணெய் ஊற்றியது யார் என்று லயத்தில் ஒருவருக்கும் இதுவரை தெரியாது. இப்போது தெரியும். ஊற்றியது என் மகள், கையெழுத்து என்னுடையது, ஊற்றச் சொன்ன கதையில் பாதி நான் வருஷக்கணக்காகச் சொன்னது. உங்கள் பட்டியலில் அதையும் ஒரு புத்தகமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜேஸ்வரி அக்காவின் வாசலில் போய் நின்று நானே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் இதைத் தபாலில் போடுகிறேன். கீழ் லயத்துப் பெண்ணிடமும் போய்க் கும்பிட்டேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் சோறு கொண்டுவந்தாள். இந்தமுறை சாப்பிட்டேன். நிவேதாவின் பை ஆணியில் தொங்குகிறது. சேலையையும் அட்டையையும் அவள் வெளியே எடுக்கவில்லை, எடு என்று எனக்கும் சொல்ல வரவில்லை.

என் பங்குக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். இனி உங்கள் முறை. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். பள்ளிக்கூட மைதானத்தில், பகலில், எங்கள் எல்லோருக்கும் முன்னால் நில்லுங்கள். முன்வரிசையில் ராஜேஸ்வரி அக்கா உட்கார்ந்திருப்பாள். ஏழு நாள் எண்ணெய் வைத்த பிள்ளை, எட்டாம் நாள் வந்து நிற்கிற கரடி பேசாவிட்டால் என்ன செய்ய வேண்டும்? என் மகளுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள்.