பத்தாவது ஆள்

காலை ஏழரை மணிக்குக் குடிகாடு நிறுத்தத்தில் நானும் மகள் தர்ஷினியும் சிதம்பரம் பேருந்தில் ஏறினோம். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். பிளஸ் டூ முடித்திருந்த அவளுக்கு வரலாறு படிக்க வேண்டும். பள்ளிச் சுற்றுலாவில் கோயில் சுவரில் கல்வெட்டைப் பார்த்த நாளிலிருந்து, அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் விடுவதில்லை என்றிருந்தாள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரி ஒன்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

ஆலப்பாக்கம் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை அம்மாள் விசாரித்தார்.

"என்னா படிப்புல சேக்கப் போறீங்க?"

"வரலாறு."

"நர்சிங்ல சேத்துடுங்க. அதுக்குதான் வேல இருக்கு."

தர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குச் சிதம்பரம். ஷேர் ஆட்டோவுக்குத் தலைக்கு இருபது ரூபாய். அண்ணாமலை நகரின் விடுதிகளும் ஜெராக்ஸ் கடைகளும் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் கல்லூரி இருந்தது. இரண்டு மாடி, பத்துப் பதினைந்து வகுப்பறை, அவ்வளவுதான்.

முதல்வர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். அவரும் வரலாற்று ஆசிரியர்தானாம்.

"மார்க்கெல்லாம் நல்லா இருக்கும்மா. ஆனா ஹிஸ்டரிக்குப் பத்துப் பேர் சேந்தாதான் கிளாஸ் நடத்தலாம்னு நிர்வாகத்துல சொல்லிட்டாங்க. இவளோட ஒம்போது பேரு. இன்னைக்கே கடைசி நாள்."

வரலாற்றுக்கு வருடம் பதினான்காயிரம். கம்ப்யூட்டரோடு சேர்ந்த காமர்ஸுக்கு முப்பத்திரண்டாயிரம். அதில் இடம் இருக்கிறது என்றார். தர்ஷினி மதிப்பெண் பட்டியலை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். எனக்கே தெரியாமல் என் வாயில் வந்துவிட்டது.

"சார், நானும் பிளஸ் டூ பாஸ். இருவது வருஷம் ஆவுது. நான் சேந்தா பத்து ஆயிடுமா?"

அவர் சிரிக்கவில்லை. நிர்வாகத்துக்குப் போன் செய்து பேசிவிட்டு வந்தார். "வயசு தடையில்லையாம். சர்டிபிகேட்ட நாளைக்குக் குடுத்தாப் போதும். பணம் மட்டும் இன்னைக்குக் கட்டணும்."

மேசைக்கு அடியில் மகள் என் கையைப் பிடித்தாள். "நீ என் பக்கத்துல ஒக்காரக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

என் கணவர் எங்கள் ஊர் ரசாயன ஆலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். பணம் அவர் கணக்கில் இருந்தது. அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் சேத்து இருவத்தெட்டாயிரம்தாங்க. காமர்ஸ்னா இவ ஒருத்திக்கே முப்பத்திரண்டு."

மறுமுனையில் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"காமர்ஸ்லயே சேத்துடு. அனுப்புறேன்."

"நாலாயிரம் ஜாஸ்திங்க."

"இருக்கட்டும். ஒம் பொண்டாட்டி பைய மாட்டிகிட்டு காலேஜ் போறாளாமேன்னு கேட்டா, கம்பெனில நான் என்னா சொல்றது?"

முதல்வர் வரவழைத்திருந்த தேநீர் ஆறுவதற்குள் பணம் வந்துவிட்டது. முதல்வர் எங்களைக் கட்டணம் கட்டும் அறைக்கு அனுப்பினார். "மத்த எட்டுப் பேருக்கும் நான் போன் பண்ணிச் சொல்லணும்" என்றார்.

இரண்டு மணிக்குச் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாம் என்றாள். புதுச்சத்திரம் தாண்டியதும்தான் வாய் திறந்தாள்.

"அப்பாகிட்ட நீ கேட்டிருக்கவே கூடாதும்மா."

"பணம் அவர்கிட்டதான இருக்கு?"

"பணம் மட்டுமா கேட்ட?"

குடிகாடு நெருங்கியதும் ஆலைகளின் நெடி உள்ளே ஏறியது. கடலூர் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல்களை இழுத்துச் சாத்தினார்கள். நாங்கள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனோம்.