திராட்சைத் தோல் வைத்தியம்

குப்பை லாரி ஓட்டுகிறவரை எல்லோரும் ‘ஹாரன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரகசியம் பேசினாலும் தெருமுனை வரை கேட்கிற தொண்டை. அந்தத் தொண்டை அடைத்துப்போனது, ஒரே மகளுக்கு நடை தடுமாறுவது ஏனென்று டாக்டர் சொன்ன அன்றுதான்.

“உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் குப்பையைக் கரைக்கிற சின்னப் பை இருக்கு. இவளுக்கு அது சரியா வேலை செய்யல. அம்மா வழி, அப்பா வழி ரெண்டுலயும் வந்த குறை.”

குப்பை என்றதும் ஹாரனுக்கு மானமே போயிற்று. அவர் மனைவியோ கூட வந்திருந்த நாத்தனார் பக்கம் திரும்பினாள். வீட்டில் எது கெட்டாலும் இவள் பிறந்த வீட்டைத்தான் இழுப்பாள் அந்த நாத்தனார்.

“கேட்டுக்கோங்க அண்ணி, ரெண்டு பக்கமுமாம்!”

செடிகொடியிலிருந்து எடுத்த ஒரு சத்து இந்த நோய்க்கு உதவுமா என்று ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எலிகளுக்குக் கொஞ்சம் கேட்டிருந்தது. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கே தெரியாது.

மகளுக்கு மாவு விழுந்துவிட்டால்? ஹாரனுக்குச் சோறு இறங்கவில்லை. அதே சத்து கறுப்புத் திராட்சைத் தோலிலும் உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டார். ஜூஸ் கடைக்காரர் குப்பையில் கொட்டும் தோலை வாங்கி, லாரி முகப்பில் காயவைத்து, இடித்துப் பொடியாக்கினார். தினம் காலையில் ஒரு கரண்டி மகளிடம்.

“போட்டுக்கோடா கண்ணு. அம்மாகிட்ட மூச்சு விடாத.”

சோதனையில் சேர்ப்பதற்கு இரத்தம் எடுக்கும் நாள் வந்தது. ஊசியைக் கையில் எடுத்தபடி நர்ஸ் கேட்டார்: “வேற செடிப் பொடி, கஷாயம் ஏதாவது குடுத்தீங்களா? குடுத்திருந்தா இவளைச் சேர்க்க முடியாது.”

ஹாரன் மனசுக்குள் கணக்குப் போட்டார். பொய் சொன்னால் பிள்ளைக்கு ஆபத்து. உண்மை சொன்னால் வந்த வாய்ப்பு போச்சு. கடைசியில் உடைந்துவிட்டார்.

“நான்தாம்மா குடுத்தேன். திராட்சைத் தோல் பொடி. தினமும்.”

“அப்பா, நான் ஒரு நாள்கூடத் திங்கல,” என்றாள் மகள். “ஒரே புளிப்பு. உங்க டீயிலதான் போட்டேன்.”

நர்ஸ் இருவரையும் நாக்கை நீட்டச் சொன்னார். மகளுடையது ரோஜா நிறம். ஹாரனுடையது கத்தரிக்காய் நிறம். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய் டாக்டரைக் கேட்டு வந்தார். மகளுக்குச் சோதனையில் இடம் உண்டு.

ஹாரன் கண்ணைத் துடைப்பதற்குள், பின்னால் பெஞ்சில் இருந்த மனைவி எழுந்து வந்தாள்.

“அப்போ இத்தனை நாளும், நான் போடற டீயே அப்படித்தான்னு நினைச்சுக் குடிச்சீங்களா?”

ஊசி குத்தியது மகளுக்குத்தான். ஆனால் “ஐயோ” என்ற சத்தம் தெருமுனை வரை கேட்டது அப்பனிடமிருந்து.