எலுமிச்சம்பழம் பட்ட துப்பாக்கி

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பக்குரங்காவில் எங்கள் பக்கத்து வீட்டுத் தண்டபாணி துப்பாக்கி சேர்க்கிறவர். துப்பாக்கி என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். முன்கட்டையை இழுத்துத் தள்ளினால் காற்றை அடைத்துக்கொண்டு மிளகு அளவு இரும்புக் குண்டைத் துப்பும், அந்தக் காலத்து அமெரிக்கச் சிறுவர்களின் விளையாட்டுச் சாமான். பி.பி. துப்பாக்கி என்பார்கள். தகர டப்பாவைத் துளைப்பதற்குள் அதற்கு மூச்சு முட்டிவிடும். அதை வைத்துக்கொண்டு அவர் காட்டிய மிடுக்கு ஒரு பட்டாளத்துக்குக் காணும்.

யாழ்ப்பாணத்தில் உண்மையான துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தவன் நான். என்னிடம் வந்து, "ஆயுதம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுலா தம்பி," என்று பாடம் எடுப்பார். மலேசியாவில் ஈப்போவில் கணக்கராக இருந்தார், இங்கேயும் கணக்கர்தான். வேலியில் இருக்கும் குருவிகூட அவரைக் கண்டு பறந்ததில்லை.

ஏவன்டேல் ஞாயிறு சந்தையிலும் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேல்களிலும் பொறுக்கிப் பொறுக்கி ஓர் அறையை நிரப்பியிருந்தார். பொறுக்கியதோடு அவர் வேலை முடிந்தது. ஆக்லாந்து ஈரத்தில் இரும்பு துருவேறிவிடும் என்று சனிக்கிழமைதோறும் ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து உறையில் போட்டுவைத்தது அவர் மனைவி வேதவள்ளி. இவர் அவற்றைத் தோளில் சாத்திப் போட்டோ எடுத்துக்கொள்வார்.

ஒடாஹுஹுவில் யாரோ பழைய வீட்டைக் காலி செய்தபோது அவருக்கு ஒரு புதையல் கிடைத்தது. 1930களில் செய்த துப்பாக்கி. குழலில் தொழிற்சாலை ஏற்றிய கருநீலப் பூச்சு கீறல் இல்லாமல் இருந்தது. இந்தச் சேகரிப்புக்காரர்களுக்கு உயிரே அந்தப் பூச்சில்தான். அது போனால் மிச்சம் பழைய இரும்பு.

வெள்ளைக்காரச் சேகரிப்பாளர் சங்கம் ஒன்று ஆண்டுதோறும் கண்காட்சி வைக்கும். அதில் தன் பெயரில் ஒரு மேசை. தண்டபாணிக்கு வாழ்க்கையில் வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். வீட்டில் தண்ணீர்க் குவளையை நகர்த்தாத மனிதர், அவர்களுடைய கூட்டங்களுக்குப் போய் வருடக்கணக்கில் நாற்காலி அடுக்கினார். கடைசியில் தலைவர் மனம் இரங்கினார். அந்தக் கருநீலத் துப்பாக்கியைக் கொண்டு வந்தால் மேசை தருவதாகச் சொன்னார்.

கண்காட்சிக்கு முந்திய வாரம் ஆயுத பூஜை. மற்ற வீடுகளில் கார்ச்சாவியும் கால்குலேட்டரும் வைத்துக் கும்பிடுவார்கள். இவர் வீட்டில் அசல் ஆயுதமே இருக்கிறதாம். துப்பாக்கிகளை வரிசையாகச் சாத்தி, கருநீலத்தை நடுவில் கிடத்தி, சந்தனம் வைத்து, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழப் பாதிகளை அதன் குழல்மேலேயே கவிழ்த்தார். நாங்களும் போயிருந்தோம். கற்பூரம் காட்டி முடிந்ததும் வேதவள்ளி மெல்லக் கேட்டார்.

"பழச்சாறு வடியுதுங்க. அத மட்டும் எடுத்துடவா?"

"பூஜையில வெச்ச ஆயுதத்த இன்னிக்குத் தொடக்கூடாது. நாளைக்குத்தான் எடுக்கணும்."

"இரும்புங்க அது."

"சொல்றேன்ல. கைய எடு."

விடிந்து பழத்தை எடுத்தபோது அதன் அடியில் வெளுத்த இரும்பு தெரிந்தது. சாறு ஓடிய இடமெல்லாம் தேமல் விழுந்ததுபோல் இருந்தது.

அவருடைய கார் பழுதாகிக் கிடந்ததால் கண்காட்சிக்கு நான்தான் கூட்டிப்போனேன். பின் சீட்டில் வேதவள்ளி அந்தத் துப்பாக்கியைத் துணியில் சுற்றிப் பிள்ளையைப்போல் மடியில் வைத்திருந்தார். தலைவர் துணியை விலக்கிப் பார்த்து முகம் சுளித்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். சாமிக்குப் படைத்தேன் என்று சொல்ல நம் வீரருக்கு நா எழவில்லை. பக்கத்தில் நின்ற மனைவியைக் கை காட்டினார்.

"இவள் எலுமிச்சம்பழம் போட்டுத் துலக்கிவிட்டாள். இவளுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது," என்றார் ஆங்கிலத்தில்.

வேதவள்ளி ஈப்போவில் கான்வென்டில் படித்தவர். ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்தது. தலைவர் அனுதாபத்தோடு தண்டபாணியின் தோளைத் தட்டி, கதவோரம் ஒரு மேசையைக் கொடுத்தார். இவர் பல்லை இளித்தார். வேதவள்ளி துணியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு தண்டபாணி மேசைக்காரராகிவிட்டார். வாங்கி வாங்கி அறைக்குள் தள்ளினாரே தவிர, போட்டோவுக்குக்கூட உறையைப் பிரித்து ஒன்றையும் பார்த்ததில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கும் போனோம். மறு வாரம் கண்காட்சி, மேசை உறுதி என்று வாசலிலேயே பீற்றிக்கொண்டார். சாமி படத்துக்கு முன்னால் வேதவள்ளியின் தையல் மெஷினும் கத்தரிக்கோலும் மட்டும் பொட்டோடு இருந்தன. தண்டபாணி அறைக்குள் போய்த் துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு வந்து உறைகளை உருவினார். ஒவ்வொன்றும் செம்மண் நிறத்தில் வெளியே வந்தது. கருநீலத்தில் நீலமே இல்லை. இரண்டு கையிலும் துருவோடு மனைவியைப் பார்த்தார்.

"எண்ணெய் போடலியா நீ? ஒரு வருஷமாவா?"

வேதவள்ளி எங்களுக்குச் சுண்டல் பரிமாறிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"எனக்குத்தான் அதப் பத்தி ஒண்ணும் தெரியாதேங்க."