சத்தமே வராத வைத்தியமும் என் சலூன் நாற்காலியும்

என் கைக்குள் வந்துபோன கழுத்துகளை வரிசையாக நிறுத்தினால், மர்பி டவுனில் என் வீட்டு வாசலில் ஆரம்பித்து அல்சூர் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வரும். எம்.எல்.ஏ.க்கள், ஒரு ஜட்ஜ், சினிமாவில் அடிவாங்குவதையே பிழைப்பாக வைத்திருந்த ஒரு நடிகர், சர்ச் பாதிரியார், எல்லோரும் என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான். தலைக்கு எண்ணெய் தேய்த்துத் தட்டிவிட்டு, கடைசியில் கழுத்தை இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. படக்கென்று நெட்டி விழும். "அப்பாடா" என்று கண்ணைத் திறப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. இன்றைக்கு எனக்கு மூன்று சலூன், மூன்றிலும் ஏ.சி. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

இப்படிப்பட்ட என்னைத் தன் கழுத்தைத் தொடவிடாத ஒரே ஆள் என் மகள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி மல்லேஸ்வரத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். தலைப்பிள்ளை உண்டாகி, ஏழாம் மாதத்தில் இடுப்பு வலி, படுத்தால் மூச்சு முட்டல், சாயங்காலமானால் தலைவலி என்று மூன்றும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. "வாடா கண்ணு, ஒரு பத்து நிமிஷம் அப்பா கிட்ட உக்காரு" என்றேன்.

"உன் கை கழுத்துக்கு வந்துச்சுன்னா நான் எழுந்து ஓடிடுவேன்ப்பா. ஆபீஸ்ல ஒருத்தி சொன்னா, ஆஸ்டியோபதின்னு இருக்காம். மாத்திரை, ஊசி ஒண்ணும் கிடையாதாம். கையாலேயே பாப்பாங்களாம்."

"கையாலேயா? அப்ப நான் இத்தனை வருஷமா காலாலயா பாக்கறேன்?"

"அவங்க படிச்சிட்டுப் பாக்கறாங்க."

அதோடு சண்டையை விட்டுவிட்டேன். அந்த வைத்தியம் செய்கிற இடம் பிரேசர் டவுனில் இருக்கிறது என்று அவள் அடுத்த மூச்சில் சொன்னதால்தான்.

ஏன் என்று சொல்கிறேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதுதான் நம் வழக்கம். ஆனால் என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நானும் டிவியும்தான். டிவி பேசும், நான் பதில் சொல்வேன். வளைகாப்பு முடிந்ததும் என் மகள் அந்த வீட்டுக்கு வந்து, சில மாதம் என்னைத் திட்டிக்கொண்டு இருந்து, பிள்ளையோடு திரும்பிப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். குறுக்கே நின்றவர் சம்பந்தியம்மா. ரிட்டயர்டு கணக்கு டீச்சர். ஒரே பார்வையில் ஒரு வகுப்பையே உட்காரவைத்தவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. உங்க வீட்ல பொம்பளைன்னு யாரு இருக்கா? பாதி ராத்திரியில வலி எடுத்தா நீங்க என்ன பண்ணுவீங்க, ஷேவிங்கா?"

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க வாசலுக்குப் போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

பிரேசர் டவுன் என் வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏறி உட்கார்வதற்குள் இறங்கிவிடுகிற தூரம். மல்லேஸ்வரத்திலிருந்து வருவதென்றால் மேக்ரி சர்க்கிள் சிக்னலிலேயே பிள்ளை பிறந்து பெயரும் வைத்துவிடலாம். ஆகவே எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லாத அந்த வைத்தியத்தை அன்றைக்கே வாயாரப் புகழ ஆரம்பித்தேன். "ஆஹா, கையாலேயா? வாரா வாரம் போகணுமா? பேஷாப் போகணும். பக்கத்துல இருந்தா நடந்தே போயிட்டு வரலாம்." மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு லீவு. அவளுக்கும் அன்று வீட்டிலிருந்தே வேலை. என் காரில் கூட்டிப்போனேன். வைத்தியம் பார்க்கிற பெண் என் மகளைவிடச் சின்னவள். நகம் ஒட்ட வெட்டியிருந்தாள். தொழில் தெரிந்த கை என்று அதிலேயே பாதி மார்க் போட்டேன். ஆனால் கையை எங்கே வைத்தாள்? கேள்வியாகக் கேட்டாள். பிரசவ டாக்டர் என்ன சொன்னார், கை கால் வீங்குதா, கண் மங்கலாத் தெரியுதா.

"மாசமா இருக்கறப்ப தலைவலின்னா முதல்ல பிரஷர் பாக்கணும் அங்கிள். அது ஏறியிருந்தா நான் கையே வைக்க மாட்டேன், நேரா ஹாஸ்பிட்டல்தான்" என்று கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். பிரசவ டாக்டருக்குப் போன் போட்டு அவர் சரியென்ற பிறகுதான் மகளைப் படுக்கச் சொன்னாள்.

இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை. இடுப்பில் ஒரு கை, தொடையில் ஒரு கை. தூளியை ஆட்டுவதுபோல லேசாக அசைத்தாள். பிறகு விலாவில் கையை வைத்து, "மூச்சை இங்க அனுப்புங்க" என்றாள். பிறகு பிடரிக்குக் கீழே விரல்களைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். நிஜமாகவே சும்மா. நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"ஏம்மா, சத்தமே வரலியே?"

"சத்தம் எதுக்கு அங்கிள்?"

"சத்தம் வரலன்னா வேலை நடந்துச்சுன்னு கஸ்டமருக்கு எப்படித் தெரியும்?"

"வலி குறைஞ்சா தெரியும்."

"கடைசியில கழுத்தை ஒரே ஒரு வெட்டு..."

"ப்பா!" என்றாள் படுத்திருந்தவள்.

அந்தப் பெண் கையை எடுக்காமலே சொன்னாள்: "அப்படி வெடுக்குனு திருப்பவே கூடாது அங்கிள், யாரு கழுத்தையும். உள்ள மூளைக்குப் போற ரத்தக் குழாய் ஓடுது. இவங்களுக்கு வயிறு மேல ஏறினதால மூச்சு கீழ இறங்கல. தோளாலேயே மூச்சு விடறாங்க. அந்தத் தோள்தான் தலையை இழுக்குது."

மறுநாள் மூன்று சலூனுக்கும் போய், இனிமேல் நம் கடையில் நெட்டி கிடையாது, தலை மசாஜ் மட்டும்தான் என்று உத்தரவு போட்டேன். "ஏன் அண்ணா?" என்றார்கள். "மூளைக்குப் போற குழாய் ஓடுதுடா, மடையனுங்களா. எத்தனை வருஷமா ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கேன் தெரியுமா?" என்றேன். அசந்துபோய் நின்றார்கள்.

எனக்கு வந்த தொல்லை வேறு. அந்தச் சத்தமில்லாத வைத்தியம் வேலை செய்ய ஆரம்பித்தது. முதல் தடவையே காரில் திரும்பும்போது இடுப்பு லேசாக இருக்கிறது என்றாள். அடுத்த செவ்வாய் தலைவலி பாதியாகிவிட்டது என்றாள். சந்தோஷம்தான், பெற்ற வயிறு இல்லாவிட்டாலும் பெற்ற மனசு இருக்கிறதே. ஆனால் வலி குறைகிற வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. வளைகாப்புக்கு இன்னும் நாள் இருந்தது. இப்படிச் சடசடவென்று குறைந்தால் பிரேசர் டவுன் எதற்கு, நான் எதற்கு? குறையட்டும், கொஞ்சம் ஆற அமரக் குறையட்டும் என்று அல்சூர் கோயிலில் வேண்டிக்கொண்டேன். சாமி என்னை ஏற இறங்கப் பார்த்ததுபோல இருந்தது.

அதற்கடுத்த செவ்வாய் அந்தப் பெண் குண்டைப் போட்டாள். "நல்லா இருக்கீங்க. இனி வாரா வாரம் வேணாம். இந்த மூச்சுப் பயிற்சியை வீட்லயே பண்ணுங்க. ஒன்பதாம் மாசம் ஒரு தடவை வந்தாப் போதும்."

"என்னாம்மா, கஸ்டமரைப் போய் வராதேங்கறீங்களே! தொழில் பண்ற ஆள் பேசற பேச்சா இது?"

"அங்கிள், அவங்க நல்லாத்தானே இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்கா. அதான் பிரச்சினை" என்று வாயில் வந்துவிட்டது. மகள் அடக்கமாட்டாமல் சிரித்தாள். அவளுக்கு முதல் நாளே எல்லாம் தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் நான் பிடித்துக்கொள்ள ஒரு துரும்பு மிச்சமிருந்தது. படுத்தால் மட்டும் இன்னும் மூச்சு முட்டியது, தூக்கம் வரவில்லை. மல்லாந்து படுக்க வேண்டாம், சாய்ந்தாற்போல இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். மல்லேஸ்வரத்தில் தலையணைகளை அடுக்கினார்களாம், நடு இரவில் அது சரிந்துவிடுகிறதாம். சாய்ந்தாற்போல என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. சாய்மானம், தலைக்குக் குஷன், காலுக்குப் பலகை, நினைத்த இடத்தில் நிற்கிற லிவர். அப்படி ஒரு பொருள் என்னிடம் வரிசையாக நிற்கிறதே!

பெரிய கடையிலிருந்து நல்ல நாற்காலி ஒன்றை எடுத்தேன். அடியில் இரும்புக் குண்டு இருப்பதால் கல்யாண மாப்பிள்ளையைப்போல ஆள் வைத்துத்தான் தூக்கிவர வேண்டும். ஹாலில் மேட் விரித்து நிறுத்தினேன். அடுத்த செவ்வாய், "சும்மா வந்து சாப்பிட்டுப் போ" என்று மகளைக் கூட்டிவந்தேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவள், "ப்பா, இன்னும் கொஞ்சம் சாய்" என்றாள். சாய்த்தேன். முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தேன். அவ்வளவுதான். வெளியே கறிவேப்பிலைக்காரர் கத்தியும், குக்கர் விசில் அடித்தும் எழுந்திருக்கவில்லை.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஜெயித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்ததை யார் பார்த்திருக்கிறார்கள்? அவள் தூங்குவதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். எழுதுவது எனக்கு வராது, அதனால் குரலிலேயே அனுப்பினேன். "மல்லேஸ்வரத்துல தேக்குக் கட்டில் இருக்கு, தூக்கம் இல்ல. மர்பி டவுனைப் பாருங்க!"

உடனே போன் வந்தது.

"ரொம்ப நல்ல சேரா இருக்கே சம்பந்தி. இங்க அனுப்பி விட்டுடுங்க."

"அது வராதுங்க. தரையில போல்ட் போட்டு இறுக்கியிருக்கு."

"வீடியோல அடியில மேட் தெரியுது. மேட்டுக்கு மேல எப்படி போல்ட் போட்டீங்க?"

கணக்கு டீச்சரிடம் பொய் சொல்லக்கூடாது. அடுத்த செவ்வாய் மகளும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே ஒரு டெம்போ.

"ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தரம் உக்காந்து பாக்கறேன். சும்னே வீணா எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்" என்று சம்பந்தியம்மா உட்கார்ந்தார். லிவரை அழுத்திச் சாய்த்தேன். கால் பலகையைத் தூக்கினேன். அவருக்குப் பல வருஷத்து முட்டிவலி. "ஹ்ம்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். மாப்பிள்ளை ஓடிப்போய், "ஒந்து நிமிஷா, அம்மா மல்கித்தாரே" என்று அம்மா தூங்குவதைக் கன்னடத்தில் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினார்.

மகள் சமையலறையில் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் சேருக்குச் சண்டை போடறீங்க. நான் எங்க இருக்கணும்னு என்னை யாராவது கேட்டீங்களா?"

"எங்கடா கண்ணு இருக்கணும்?"

"இங்கதான்."

"அப்படிப் போடு! என் சேர் அப்படி."

"சேர் இல்லப்பா. அங்க பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் யாராவது வந்து எப்படி இருக்கேன்னு கேக்கறாங்க. கண்ணை மூடினா எழுப்பி ஜூஸ் குடுக்கறாங்க. இங்க நீ கடைக்குப் போயிடுவ. யாரும் கேக்க மாட்டாங்க. அதான் தூக்கம் வருது."

ஒரு அப்பனுக்குச் சொல்கிற பேச்சா இது! ஆனாலும் வருகிறேன் என்றாளே. காரணம் எதுவாக இருந்தால் என்ன?

"காதுல விழுது" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. "நான் தூங்கல. கண்ணை மூடியிருக்கேன், அவ்வளவுதான்."

இருவரும் போய் நின்றோம். சம்பந்தியம்மா கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"ஜூஸ் இனிமே இல்ல. வளைகாப்பு முடிஞ்சு இங்கேயே வரட்டும். ஆனா பொம்பளை இல்லாத வீட்ல விட மாட்டேன், நானும் வரேன். டெம்போவை அனுப்பிடுங்க. பேஜாரு, எத்தனை ஹாரன்!"

வளைகாப்பு முடிந்து அவர்கள் வந்தபோது மகளிடம் ஒரு பை, சம்பந்தியம்மாவிடம் இரண்டு பெட்டி. பெரிய கடையிலிருந்து இன்னொரு நாற்காலியும் வந்தாயிற்று. இப்போது என் ஹாலில் இரண்டும் டிவியைப் பார்த்து நிற்கின்றன. ஒன்றில் மகள் விலாவில் கையை வைத்து மூச்சுப் பயிற்சி செய்கிறாள், இன்னொன்றில் சம்பந்தியம்மா சீரியல் பார்க்கிறார். ரிமோட் அவரிடம். மூன்று சலூனுக்கு முதலாளியான எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

"சம்பந்தி, கொஞ்சம் தாழ்த்துங்க. போதும் போதும். இப்ப காலைத் தூக்குங்க."

தூக்குகிறேன். என் மகள் என் வீட்டில் இருக்கிறாள்.