உச்சி வெயிலில் இறைத்த சோளம்

வெயிலில் கோழி வாயைப் பிளந்துகொண்டு நின்றால் அது பசி இல்லை, சூடு என்று இப்போது எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், கல்லூரி விடுதியிலிருந்து சித்திரை விடுமுறைக்கு வந்திருந்தபோது தெரியாது. பென்னாகரம் பக்கம் எங்கள் வீடு. கோழிகள் அண்ணியுடையவை. விடிவதற்குள் ஊறவைத்த கேழ்வரகைப் போட்டுவிடுவார். அப்புறம் வெயில் தாழும்வரை ஒரு மணி தானியம் கிடையாது. புங்க மர நிழலில் சட்டி நிறைய நீராகாரம், அதில் அரிந்த சின்ன வெங்காயம், அவ்வளவுதான். "கோழிக்கெல்லாம் பத்தியம் பாக்கறா மகாராணி" என்று அம்மா நொடிப்பாள். அண்ணி எது செய்தாலும் அவளுக்கு ஆகாது. கல்யாணமாகி நாலு வருடத்தில் அண்ணிக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது, அதுதான் காரணம். குழந்தை தங்கினால் அறுப்பதாக ஒரு செஞ்சேவலை முனியப்பனுக்கு நேர்ந்து விட்டிருந்தார். அந்தச் சேவலை அவர் விரட்டிக்கூட நான் பார்த்ததில்லை.

அன்று அண்ணி நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். நடுப்பகலில் கோழிகள் இறக்கையை அகட்டி, வாயைப் பிளந்து நின்றன. பட்டினி போட்டுவிட்டுப் போயிருக்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அம்மாவின் புத்தி எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஒரு முறம் மக்காச்சோளத்தை வாரி இறைத்தேன். கழுத்து புடைக்கத் தின்றன. நாய் வருமென்று எல்லாவற்றையும் தகரக் கூண்டில் அடைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அண்ணி வந்து திறந்தபோது நாலு கோழிகள் செத்துக் கிடந்தன. சேவலும் கிடந்தது. அதை மடியில் வைத்துக் கழுத்தடியைத் தடவினார். தீனிப்பை கல்லாக இருந்தது. உச்சி வெயிலில் தானியம் தின்றால் கோழிக்கு உடம்புச் சூடு இன்னும் ஏறிவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"பாப்பா, நடுவெயில்ல தீனி ஏதாச்சும் போட்டியா?"

"இல்லீங்க அண்ணி" என்றேன்.

"அவ ஏன் போடறா? முனியப்பனே ஒன் சாவல வேணாம்னுட்டான். இனிமே ஒன் வயித்துல எங்க தங்கப் போவுது?" என்றாள் அம்மா. அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் கேட்டுக்கொண்டு நிற்பவன்தான்.

அந்த ஐப்பசிக்குள் அண்ணியைத் தொப்பூர்ப் பக்கம் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பஸ் ஏறும்போது என்னிடம் மட்டும் "வரேன் பாப்பா" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வீட்டில் யார் நம்பியிருப்பார்கள்? அண்ணனுக்கு வேறு கல்யாணம் நடந்தது. புதுப் புடவை கட்டிக்கொண்டு நானும் மேடையில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

இப்போது அம்மா தருமபுரியில் என்னோடு இருக்கிறாள். நேற்று எதிர்வீட்டு அம்மாவிடம், நேர்ந்த சேவலைச் சாகடித்த மூத்த மருமகளின் கதையை மறுபடியும் ஆரம்பித்தாள். அந்த அம்மா எழுந்து போனதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"சோளம் போட்டது நான்ம்மா. கூண்டுல அடைச்சதும் நான்தான்."

அழுவாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா வெற்றிலையின் காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

"தெரியும்டி" என்றாள். "கூண்டத் தொறந்து பாத்துட்டு, அவ வர்றதுக்குள்ள மிச்ச சோளத்தக் கூட்டித் தள்ளுனதே நான்தானே."