மதிய இடைவேளையில் பூசிய கொக்கி

சேலத்தில் ஒரு பிளேட்டிங் பட்டறையில் எனக்கு வேலை. இரும்புச் சாமான்கள் துருப்பிடிக்காமலிருக்க, துத்தநாகமும் நிக்கலும் கலந்த பூச்சு ஏற்றுவோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரவர் வீட்டுச் சாமானைத் தொட்டியில் போட்டு எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். முதலாளிக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

போன மிளகுப் பருவத்துக்கு முன்னால், கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் தன் கொக்கியைக் கொடுத்துவிட்டிருந்தார். மரத்தில் ஏறி மிளகு பறிக்கும்போது இடுப்புப் பட்டையைக் கயிற்றோடு இணைக்கிற கொக்கி. கடினமான எஃகு. மலைப் பனியில் லேசாகத் துரு ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

அன்று தொட்டி ஆறிப்போயிருந்தது. சூடேறும்வரை காத்திருந்தால் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும் என்று கரண்டைக் கூட்டினேன். சூடு குறைந்தால் பூச்சில் நிக்கல் குறையும். கரண்ட் கூடினால் ஹைட்ரஜன் அதிகம் கிளம்பி, எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். இதையெல்லாம் மற்றவர்களிடம் வாய்கிழியப் பேசுகிறவன் நான்தான். பூசியதும் பல மணி நேரம் ஓவனில் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்றியிருக்க வேண்டும். ஓவன் நிறைய முதலாளியின் சரக்கு. எனக்கோ கொல்லிமலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். கொக்கி பளபளவென்று இருந்தது. போதும் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

"புதுசாட்டமே இருக்குதுங்க மாப்ள" என்று மச்சான் அக்கம்பக்கத்தில் எல்லாம் காட்டினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

பறிப்பு தொடங்கிய மூன்றாம் நாள், மச்சான் மரத்தின் மேலே இருக்கும்போது கொக்கி ஒடிந்தது. மச்சானுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்தத் துண்டுகளை என் கையில் கொடுத்தார்கள். பிஸ்கட்டை ஒடித்ததுபோல நேராக ஒடிந்திருந்தது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"நாந்தானுங்க ஒரு பக்கமா பாரத்தைப் போட்டுட்டேன். உங்க பூச்சு ஒரு பொட்டுக்கூட உரியல, பாருங்க" என்றார் மச்சான், படுத்தபடியே.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன? இன்றுவரை அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மச்சானால் இனி மரமேற முடியாது. இந்த வருடம் அக்கா ஏறுகிறாள். "இதுக்கும் பூசிக் குடுங்க மாப்ள" என்று மச்சான் வீட்டிலிருந்த இன்னொரு கொக்கியை எடுத்துக் கொடுத்தார். வாங்கி வந்தேன். ஆனால் தொட்டிப் பக்கமே அதைக் கொண்டுபோகவில்லை. கடையில் அதே மாதிரி புதுக் கொக்கி ஒன்று வாங்கி, நான் பூசியதுதான் என்று சொல்லி அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடையில வாங்குனா இப்படி வருமா கண்ணு? உன் கைபட்டதுன்னாத்தான் எனக்கு மரமேறத் தைரியம் வருது" என்றாள்.

நான் தலையாட்டினேன்.