பத்தொன்பதாவது கதவின் வட்டம்

கதவுக்கு நம்பர் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று என் வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். வேலைதான். சங்ககிரியில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல்மாடியில், ஒரு எஞ்சினியரின் ஆபீஸில் நான் வீட்டுப் பிளான் வரைகிறேன். அம்மாபேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறேன். கீழே டயர் தட்டும் சத்தம், மேலே எஞ்சினியர் போனில் பேசும் சத்தம். டயர் எவ்வளவோ தேவலை.

பிளானில் ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன வட்டம் இருக்கும், வட்டத்துக்குள் ஒரு எண் இருக்கும். அதற்குப் பேர் டேக். அந்த எண்களை வைத்துத்தான் கடைசிப் பக்கத்தில் கதவுப் பட்டியல் வரும். எத்தனாவது கதவு, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், என்ன மரம், எல்லாம் அதில் இருக்கும். எங்கள் ஊர் ஆசாரிகள் பிளானைப் பார்க்க மாட்டார்கள், பட்டியலைத்தான் பார்ப்பார்கள். பட்டியலில் இருந்தால் நிலையும் கதவும் செய்வார்கள், இல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத்தான் வேண்டிய நேரத்தில் ஞாபகம் வராமல் போயிற்று.

பிளான் வரையும் சாஃப்ட்வேரோடு வந்த டேக் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் எஞ்சினியருக்குத்தான் ஆகவில்லை. "ஏம்மா, சேலத்துல பெரிய ஆபீஸ் பிளான்ல எல்லாம் டேக் எவ்ளோ லட்சணமா இருக்குது. நம்முளுது மட்டும் பஸ் டிக்கெட்டாட்ட இருக்குதே" என்றார். ஆபீஸுக்கென்று தனி டேக் வேண்டுமாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் கட்டிய சுவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வீடியோ பார்த்து நானே செய்ய உட்கார்ந்தேன். முதல் நாள் ஒரு வட்டம் வரைந்து, உள்ளே 1 என்று டைப் செய்து வைத்தேன். பிளானில் கொண்டுபோய்ப் போட்டால் வீட்டிலிருந்த அத்தனை கதவும் 1. வாசக்கதவும் 1, கக்கூஸ் கதவும் 1. சமத்துவமென்றால் அதுவல்லவா சமத்துவம்! அப்புறம்தான் விளங்கியது, டேக்குக்குள் நாம் எண்ணை எழுதக் கூடாது. எந்தத் தகவலைக் கதவிடம் கேட்டுவந்து காட்ட வேண்டும் என்று டேக்குக்குச் சொல்லித்தர வேண்டும். அது கேட்கும், கதவு சொல்லும். இப்படி ஒன்றை ஒன்று கேட்டு நடப்பது எங்கள் ஆபீஸில் அந்த ஒரு இடத்தில்தான்.

மூன்றாம் நாள் டேக் தயார். நடுவில் கோடு போட்ட வட்டம், மேல்பாதியில் எண், கீழ்ப்பாதியில் அளவு. அதோடு நிறுத்தியிருந்தால் நான் புண்ணியவதி. அலமாரிக் கதவு, இரும்பு ஷட்டர் மாதிரி ஆசாரிக்குச் சம்பந்தமில்லாதவை பட்டியலில் வந்து குழப்புகிறதே என்று டிக் போடும் கட்டம் ஒன்றும் சேர்த்தேன். 'கணக்கில் சேர்' என்று அதற்குப் பேர். டிக்கை எடுத்தால் அந்தக் கதவின் வட்டம் மறைந்துவிடும், பட்டியலிலிருந்தும் போய்விடும். கதவு மட்டும் படத்தில் பேசாமல் நிற்கும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு ரெண்டு டீ குடித்தேன்.

அந்த டேக்கை முதலில் போட்டது ஒரு ரிக் ஓனர் வீட்டுக்கு. போர்வெல் வண்டி மூன்று வைத்திருந்தார், மூன்றும் வடக்கே ஓடிக்கொண்டிருந்தன. அவர் இங்கே தோட்டத்துக்குள் ரெண்டடுக்கு வீடு கட்டக் கிளம்பியிருந்தார். மண்ணுக்குக் கீழே துளை போட மெஷினை நம்புவார், மண்ணுக்கு மேலே துளை போட வாஸ்துக்காரரை நம்புவார். ஜன்னல் ஒன்றை அரை அடி நகர்த்தச் சொன்னால்கூட, "ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க அம்மிணி" என்பார்.

பிளான் பார்க்க வந்த அன்றைக்கு அவருடன் அவருடைய அக்காவும் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணமாகிப் போன இடத்தில் ஒத்துவராமல் இருபது வருஷமாகத் தம்பி வீட்டிலேயே இருக்கிறார். புருஷன் எங்கேயோ உயிரோடு இருக்கிறார், குடித்தனம்தான் இல்லை. சமையல், மாடு, ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்தால் பந்தி எல்லாம் அவர் கைதான். ஆண்கள் வாஸ்து பேசிக்கொண்டிருக்கையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார். "சாமி, இதுல என்ற பாத்ரூமுக்கு கதவு இருக்குதா?"

"இருக்குதுங்க்கா" என்றேன்.

"உள்ளார தாப்பா போடுற கதவா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பழைய வீட்டில் பெண்கள் குளிக்கும் இடம் கொல்லைப்புறத்தில், தகரத்தைச் சாத்திக் கம்பியால் கட்டிவைத்ததாம். காற்றடித்தால் ஒரு கையால் தகரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தண்ணீர் ஊற்றிக்கொள்வாராம். இருபது வருஷம். "எனக்கு மார்பிளும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம் கண்ணு. உள்ளார போயித் தாப்பா போட்டுக்கோணும், அவ்வளவுதான்" என்றார்.

நான் திரையில் காட்டினேன். வட்டத்துக்குள் 12. அவர் விரலை அதன்மேல் வைத்து, "பன்னெண்டு" என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டார். "கண்டிப்பா வரும்ங்க்கா" என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வாஸ்துக்காரர் வந்தார். நான் பாடுபட்டுச் செய்த டேக்கைப் பார்த்து அவர் ஒருவர்தான் பாராட்டினார். "வட்டம் போட்டிருக்கிறதால எண்ணுறதுக்கு சுலுவா இருக்குதுங்க" என்று சொல்லி, பேனாவால் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினார். பத்தொன்பது. பேனாவை மூடிவிட்டார். கதவு ஒற்றைப்படையில் வரக் கூடாதாம். ஒன்று கூட்டலாமே என்றேன். இருபது ஆகும், பூஜ்யத்தில் முடியும், அது அதைவிடக் கெடுதலாம். "நிலை வச்சதெல்லாம் கணக்குதானுங்க. ஒண்ணு கொறைங்க, இல்லீனா மூணு கூட்டுங்க" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான்.

எந்தக் கதவைக் குறைப்பது? ரிக் ஓனர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அக்கா பாத்ரூமுக்கு எதுக்குங்க கதவு? அவ ஒருத்திதான பொழங்குறா. துணி போட்டுக்கலாம்" என்றார். பூஜை சாமான் அறைக்குக் கதவு இருந்தது, செருப்பு வைக்கும் இடத்துக்குக் கதவு இருந்தது. அதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் டீ குடிக்கப் போனதும் எஞ்சினியர் என் காதோடு சொன்னார். "தாள்ல மட்டும் எடுத்துரும்மா. கதவு பாட்டுக்கு இருக்கட்டும். ஆசாரிகிட்ட நான் வாயால சொல்லிக்கிறேன்." அப்பாடா என்றிருந்தது. கதவுமாச்சு, வாஸ்துவுமாச்சு. டிக்கை எடுத்தேன். வட்டம் மறைந்தது. பதிமூன்றிலிருந்து எல்லா எண்ணையும் ஒன்று குறைத்தேன். வாஸ்துக்காரர் திரும்பி வந்து மறுபடி தட்டி எண்ணிப் பதினெட்டு என்றார், எல்லோருக்கும் சந்தோஷம். அக்காவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று நானாகத்தான் சொல்லாமல் விட்டேன்.

எஞ்சினியர் வாயால் ஆயிரம் சொல்வார். சொல்ல வேண்டியது மட்டும் மறந்துபோகும்.

கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கையில் வேலையைப் பார்க்க ரெண்டு பேரும் போனோம். அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஆசாரி ஒவ்வொரு நிலையிலும் சாக்பீஸால் எண் எழுதியிருந்தார். "சாமி, பன்னெண்டாம் நெம்பர் நிலை சாமான் ரூம்புல நிக்குது. நானும் மாத்தி எழுதிட்டாங்களாட்ட இருக்குதுன்னு ஊடு பூராத் தேடிப்போட்டேன். என்ற கதவு எங்க?" என்றார்.

அவருடைய குளியலறை வாசலில் நிலை இல்லை. ஓரமெல்லாம் டைல்ஸ் ஒட்டி வழுவழுவென்று முடித்துவிட்டிருந்தார்கள். மேலே திரைத்துணிக்குக் கம்பி வேறு மாட்டியிருந்தது. எனக்கு முகம் எரிந்தது. நான் எஞ்சினியரைப் பார்த்தேன், அவர் விட்டத்தைப் பார்த்தார். கூப்பிட்டுக் கேட்டதற்கு ஆசாரி பட்டியலை நீட்டினார். "பதினெட்டுதானுங்க இருக்குது. ஒண்ணு ஒண்ணாப் பாத்துத்தான் செஞ்சேன்." அவர்மேல் என்ன தப்பு? என் டேக் சுத்தமாக வேலை செய்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ரிக் ஓனர் வாஸ்துக்காரரோடு மாடியிலிருந்து இறங்கிவந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அதான் நல்லதாப்போச்சே! தாளுலயும் பதினெட்டு, ஊட்டுலயும் பதினெட்டு" என்றார். அதோடு விட்டாரா? அதே மூச்சில் அக்காவைப் பார்த்து, "அக்கா, கிரகப்பிரவேசத்தன்னைக்கு விடியக்காலம் நாலரைக்கு முகூர்த்தம். நீதான் பால் காய்ச்சோணும். நேரத்தோட தயாரா இரு" என்றார்.

எங்கள் பக்கத்தில் புது வீட்டில் பால் காய்ச்சுவது கூடப் பிறந்தவள். அவள் கை பட்டுப் பொங்கினால்தான் வீடு பொங்கும் என்பார்கள். ரிக் ஓனருக்குக் கூடப் பிறந்தவர் இந்த அக்கா ஒருத்தர்தான். புருஷன் உயிரோடு இருப்பதால் அடுப்புப் பற்றவைக்க அக்கா வேண்டும். புருஷனோடு வாழாததால் அவருக்குக் கதவு வேண்டாம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ!

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பால நீயே காய்ச்சிக்கோ தம்பி" என்றார்.

"ஏனக்கா?"

"கதவு இல்லாத ஊட்டுக்கு நான் எதுக்கு? பழைய ஊட்டுல தகரமாச்சும் இருக்குது. நான் அங்கயே இருந்துக்கறேன்."

ரிக் ஓனருக்கு வேர்த்துவிட்டது. பத்திரிகை கொடுத்தாயிற்று, சனம் திரண்டுவரும். அக்கா எங்கே என்று ஒருத்தர் விடாமல் கேட்பார்கள். "உனக்குக் கதவு போட்டா பத்தொம்போது ஆயிருமே அக்கா. குடும்பத்துக்கு ஆகாதுங்கிறாங்களே" என்று கெஞ்சினார்.

"ஆமா, ஆகாதுதான்" என்றார் அக்கா. "குடும்பம் நல்லா இருக்கோணும். அதனால உன்ற பாத்ரூம் கதவ நெலையோட கழட்டி எனக்கு மாட்டு. பதினெட்டு பதினெட்டாவே இருக்கும். நீ துணி போட்டுக்கோ. அங்க உள்ளார யாரு வரப்போறாங்க?"

ரிக் ஓனரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார். ரிக் ஓனர் வாஸ்துக்காரரைப் பார்த்தார். அவர் பாவம், விரல்விட்டு எண்ணினார். எப்படி எண்ணினாலும் பதினெட்டுதான் வந்தது. "கணக்குல ஒண்ணும் கோளாறு இல்லீங்க" என்று இழுத்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அளவு செரியா இருக்குமா சாமி?"

எஞ்சினியர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். 'இருக்காது' என்று சொல்லச் சொல்கிறார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. "ரெண்டும் ரெண்டரைக்கு ஏழு அடிதானுங்க்கா. ஒரு நூல் மாறாது" என்றேன். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் தைரியமாகப் பேசியது அது ஒன்றுதான்.

ரெண்டே நாளில் ஆசாரி நிலையோடு கழற்றி மாட்டிவிட்டார். கிரகப்பிரவேசத்தன்று நான் முதல் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பால் பொங்கி முடிந்திருந்தது. மாடியில், ரிக் ஓனரின் பெரிய படுக்கையறையில், குளியலறை வாசலுக்கு ரோஜாப்பூப் போட்ட துணி தொங்கியது. வந்த ஒறம்பரை எல்லாம் அதை விலக்கி விலக்கிப் பார்த்துவிட்டு, "இது என்னங்க புது மாடலா?" என்று கேட்டார்கள். அவரும் சளைக்காமல், "வாஸ்துங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

அக்கா பட்டுச்சேலையில் இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். மூன்று தரம். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். கதவைத் திறந்து வெளியே வந்தவர் என் தோளில் கைவைத்தார்.

"உங்க எஞ்சினியரு எல்லாஞ் சொன்னாரு சாமி. கதவ எடுக்கச் சொன்னது எந்தம்பி. அந்த வட்டத்த எடுத்தது நீயி. மேல இருக்கிறவங்க சொன்னா நீயும்தான் என்ன பண்ணுவே? ஆனா எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் எட்டு மாசம் பன்னெண்டு பன்னெண்டுன்னு இருந்தேன்."

அவர் எனக்குத் தாம்பூலப் பை கொடுத்துப் பஸ் ஏற்றிவிட ஆள் அனுப்பினார்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக டேக்கைத் திறந்து 'கணக்கில் சேர்' என்ற அந்தக் கட்டத்தையே நீக்கிவிட்டேன். இனிமேல் படத்தில் கதவு இருந்தால் வட்டமும் இருக்கும், பட்டியலிலும் இருக்கும். மத்தியானம் எஞ்சினியர் வந்து, வேறொரு வீட்டுக்கு ஏதோ ஒரு கதவை மறைக்க வேண்டுமென்றார். அந்த வசதி இப்போது இல்லை என்றேன்.

"ஏம்மா, நல்லாத்தான இருந்துச்சு? எதுக்கு எடுத்தே?"

"வாஸ்துப்படி ஆகாதாமாங்க சார்" என்றேன்.